மூன்றில் எந்தப் புத்தகம்?

கேள்வி: உடற்கல்விப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். உடற்பயிற்சி உடலியங்கியல் (பயிற்சியின்போது உடல் இயங்கும் விதம்), பயோமெக்கானிக்ஸ் (உடல் அசைவுகளை விசைகளால் விளக்கும் துறை), பல பேராசிரியர்கள் எழுதிய ஒரு கட்டுரைத் தொகுப்பு ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும். எதை வாங்கலாம்? பழைய பதிப்பு போதுமா?

பதில்: தொகுப்பு இப்போது வேண்டாம். அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் அதில் ஒவ்வொருவரும் எழுதியிருப்பார்கள். வேண்டிய கட்டுரையை மட்டும் நூலகத்தில் படித்துக்கொள்ளலாம்.

மற்ற இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: 100 மீட்டர் ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வேகம் ஏன் குறைகிறது? உடலியங்கியல் நூல், தசையில் கிரியேட்டின் பாஸ்பேட் (உடனடி ஆற்றல் தரும் பொருள்) தீர்வதைப் பற்றிப் பேசும். பயோமெக்கானிக்ஸ் நூல், வேகத்தை ஓர் எட்டின் (காலடியின்) நீளம், விநாடிக்கு எத்தனை எட்டு என்று பிரிக்கும். ஓர் எட்டு 2.2 மீட்டர், விநாடிக்கு 4.5 எட்டு என்றால் வேகம் விநாடிக்கு 9.9 மீட்டர். இதில் எது குறைகிறது, பாதம் தரையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அடுத்துப் பார்க்கும். பயிற்சி அட்டவணை போடப்போகிறவருக்கு முதல் நூல். ஓடும் முறையைத் திருத்தப்போகிறவருக்கு இரண்டாவது.

பதிப்பு விஷயத்தில் இரண்டும் ஒன்றல்ல. நியூட்டனின் விதிகள் மாறவில்லை. பயோமெக்கானிக்ஸில் பழைய பதிப்பைத் தயங்காமல் வாங்கலாம். உடலியங்கியலில் கூடாது. பின்னால் உள்ள சொல்லடைவில் 'தசை வலி' பக்கத்தைப் பிடியுங்கள். மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்றிருந்தால் மூடி வைத்துவிடலாம். லாக்டேட் (உடலில் அந்த அமிலம் இருக்கும் வடிவம்) ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். வலியோ 24 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சம் தொடும். அடுத்து, அதிகபட்ச இதயத் துடிப்பு. 220-இலிருந்து வயதைக் கழிப்பதோடு நிற்கிறதா, 2001-இல் வந்த '208 கழித்தல் 0.7 பெருக்கல் வயது' என்ற சூத்திரமும் இருக்கிறதா? 60 வயதுக்கு முன்னது 160 தரும், பின்னது 166. அட்டையில் அச்சிட்ட ஆண்டை நம்பாதீர்கள், அது மறுஅச்சாக இருக்கலாம். மேற்கோள் பட்டியலில் கடைசி ஆண்டு எது என்று பார்ப்பதே சரி.

பயோமெக்கானிக்ஸ் என்று முடிவுசெய்தால், முழங்கைக் கணக்கைத் தேடுங்கள். கையில் 5 கிலோ, மூட்டிலிருந்து 30 செ.மீ. தூரத்தில், இருதலைத் தசை (பைசெப்ஸ்) இழுப்பது 4 செ.மீ. தூரத்தில். முன்கை எடையை விட்டுவிட்டால், தசை சுமார் 368 நியூட்டன் இழுக்க வேண்டும். இதை விசைப்படம் வரைந்து படிப்படியாகச் செய்து காட்டாமல் விடையை மட்டும் தரும் நூலும், பயிற்சிக் கணக்குகளுக்குப் பின்பக்கத்தில் விடை இல்லாத நூலும் தனியாகப் படிப்பவருக்கு உதவாது.