பெங்களூரு–சென்னை விமானம் 'இன்ஜின் ஆய்வு' என்று ரத்தானது. நன்றாக ஓடும் இன்ஜினில் கட்டாய ஆய்வு, பாகம் மாற்றுவது எல்லாம் எதற்கு?

சோதித்துத் திருப்பிப் போடும் பாகம் வேறு, கணக்கு முடிந்ததும் கழற்றி எறியும் பாகம் வேறு.

திருப்பிப் போடுவது பிளேடு போன்றவை. எறிவது டிஸ்க் (பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் தட்டு), ஷாஃப்ட் (டிஸ்க்குகளை இணைக்கும் தண்டு) வகை. இவற்றின் ஆயுள் சைக்கிள் கணக்கு: ஏறி இறங்கினால் ஒன்று. ஒவ்வொரு டேக்ஆஃபிலும் டிஸ்க் முழு வேகத்தில் சூடாகி விரிந்து, பிறகு ஆறிச் சுருங்கும். உலோகம் களைப்பது அதில்தான். அதனால் சென்னைக்கு முக்கால் மணி நேரம் பறந்தாலும் ஒரு சைக்கிள், டெல்லிக்கு இரண்டரை மணி நேரம் பறந்தாலும் ஒரு சைக்கிள். போயிங் 737-இன் சி.எஃப்.எம்.56-7பி இன்ஜினில் உயர் அழுத்த டர்பைன் டிஸ்க்குக்கு 20,000, ஃபேன் டிஸ்க்குக்கு 30,000 என்ற அளவில் வரம்பு. புதிதுபோல் மின்னினாலும் சலுகை கிடையாது. பிளேடு உடைந்தால் இன்ஜினைச் சுற்றியுள்ள உறையான கேசிங் தாங்க வேண்டும் என்றுதான் வடிவமைப்பு. டிஸ்க் வெடித்தால் எந்தக் கேசிங்கும் தாங்காது.

இடையில் புதிய ஆபத்து தெரியவந்தால் ஏர்வொர்தினஸ் டைரக்டிவ் என்ற கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு வரும், சுருக்கமாக ஏ.டி. இன்ஜினை வடிவமைத்த நாடு வெளியிடும் ஏ.டி., நம் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி இங்கும் கட்டாயம். 2018 ஏப்ரல் 17-இல் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1380 விமானத்தில் இதே சி.எஃப்.எம்.56-7பி இன்ஜினின் ஃபேன் பிளேடு முறிந்து ஒரு பயணி இறந்தார். மூன்றே நாளில் அந்நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. அவசர ஏ.டி. போட்டது: 30,000 சைக்கிள் தாண்டிய இவ்வகை இன்ஜின்களில் 24 பிளேடுகளையும் 20 நாளுக்குள் அல்ட்ராசானிக்கில் சோதிக்க வேண்டும். பிளேடு டிஸ்க்கின் காடிக்குள் செருகும் அடிப்பகுதியான டவ்டெயிலின் இரு பக்கமும் அல்ட்ராசானிக் கருவியின் ப்ரோபை ஓட்டுவார்கள். இன்ஜினை இறக்க வேண்டாம். சுமார் 4 மணி நேரம். அந்தப் பிளேடு 2012-இல் பராமரிப்புப் பட்டறையில் ஒளிரும் சாயச் சோதனைக்குப் போய்வந்தது. விரிசல் அப்போதே இருந்திருக்கக்கூடும், பிடிபடவில்லை என்பது விசாரணை முடிவு. சோதனை முறையையே ஏ.டி. குறிப்பிட்டுச் சொல்வது இதற்காகத்தான்.

டவ்டெயிலில் மசகுப் பூச்சு தேய்ந்தால் அழுத்தம் கூடும். அதனால் குறித்த சைக்கிளுக்கு ஒருமுறை பிளேடுகளை உருவி மறுபடி பூச வேண்டும். உருவும்போதே எண் போட்டு, அதே காடியில் திருப்பிச் செருகுவது முக்கியம். ஒன்றை மாற்றினால் எதிரில் உள்ளதன் எடையையும் சரிக்கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு.

தவறு அதிகம் நுழைவது பராமரிப்புப் பதிவேடு வழியாக. சைக்கிளை இன்ஜின் பெயரில் எழுதிவிட்டு, வேறு இன்ஜினிலிருந்து வந்த டிஸ்க்கின் சீரியல் எண்ணை விட்டுவிடுவார்கள். பிறப்பு முதல் கணக்கு இல்லாத டிஸ்க், என்ன விலையானாலும், பழைய இரும்புதான்.

டிஸ்க்குக்குள்ளேயே குறை என்றால் முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டும். 2023-இல் பிராட் அண்ட் விட்னி பி.டபிள்யூ.1100ஜி இன்ஜின்களில் டிஸ்க் செய்யப் பயன்பட்ட உலோகத் தூளில் மாசு தெரிந்து, ஏர்பஸ் ஏ320நியோ விமானங்கள் மாதக்கணக்கில் நின்றது இதனால்தான்.

உங்களுடையது கடைசி நேர ரத்து என்றால், பெரும்பாலும் அது ஏ.டி. வேலையாக இராது, அவசர ஏ.டி. தவிர மற்றவற்றுக்கு முன்கூட்டியே தேதி குறித்திருப்பார்கள். பறவை மோதியிருக்கலாம், அதிர்வு கூடியிருக்கலாம், ஆயிலில் உலோகத் துகள் அகப்பட்டிருக்கலாம். போரோஸ்கோப் என்ற குழாய்க் கேமரா விட்டு உள்ளே பார்த்து, பொறியாளர் கையெழுத்துப் போடாமல் அந்த விமானம் கிளம்பாது.