பார்க்காத மனிதருக்காக அழலாமா?

கேள்வி: பிளஸ் ஒன் ஆங்கிலப் பாடத்தில்தான் வானியல் விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகரின் ‘தி அட்வென்ச்சர்’ கதையை முதலில் படித்தேன். பிறகு அவருடைய விஞ்ஞானக் கதைகளைத் தேடித் தேடிப் படித்தேன். அவர் இறந்த செய்தி கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. “நேர்ல பார்த்ததுகூட இல்ல, இதுக்குப் போய் அழுகையா?” என்கிறார் கணவர். ஒரு கடிதமாவது போட்டிருக்கலாமே என்ற ஏக்கம் வேறு. என்ன செய்ய?
- ஒரு வாசகி, கோவை

பதில்: தாராளமாக அழுங்கள், சகோதரி. எம்.ஜி.ஆர். மறைந்தபோது மொட்டை போட்டுக்கொண்டவர்களில் எத்தனை பேர் அவரிடம் பேசியிருப்பார்கள் என்று கணவரைக் கேட்டுப் பாருங்கள்.

நார்லிகர் 2025 மே 20 அன்று புனேயில் காலமானார். 86 வயது. நிறைவாழ்வுதான், ஆனால் அதைச் சொல்லி யாரையும் தேற்ற முடியாது.

கடிதம் போடாததை நினைத்துத்தான் அதிகம் வருந்துகிறீர்கள் போல. ஒன்று சொல்கிறேன். 26 வயதிலேயே பத்மபூஷண் வாங்கியவர் அவர். எழுபதுகளில் மராத்தி விஞ்ஞான் பரிஷத் என்ற அறிவியல் அமைப்பு கதைப் போட்டி வைத்தபோது, ‘நாராயண் விநாயக் ஜக்தாப்’ என்று தன் இனிஷியல்களைத் தலைகீழாக்கி ஒரு பெயர் வைத்துக்கொண்டார். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று மனைவி மங்களாவைப் படியெடுக்கச் சொல்லி அனுப்பினார். பரிசும் கிடைத்தது! ஆளைப் பின்னால் நிறுத்தி, கதையை மட்டும் முன்னே அனுப்பியவர். அந்தக் கதை வழியாக மட்டுமே அவரை அறிந்த உங்களுக்கு அப்படி என்ன குறைந்துவிட்டது?

ஆட்டோகிராஃப் கேட்டு வரும் மாணவர்களிடம், “ஒரு கேள்வியை போஸ்ட் கார்டில் எழுதி அனுப்பு, கையெழுத்துப் போட்டுப் பதில் தருகிறேன்” என்பாராம். உங்களிடமும் அப்படியொரு கேள்வி இருந்திருக்குமே? அதை இன்றைக்கே எழுதி வையுங்கள். விடையை நீங்களே தேடலாம். அவர் புனேயில் உருவாக்கிய ‘அயூகா’ ஆய்வு மையத்தில் இன்றும் வானியல் ஆராய்ச்சி நடக்கிறது, பொதுமக்களுக்கும் நிகழ்ச்சிகள் உண்டு. ஒருமுறை போய் வரலாம்.

எல்லாப் புத்தகங்களையும் ஒரே மூச்சில் திரும்பப் படிக்க வேண்டாம். துக்கம் திகட்டிவிடும்.

கணவரோடு வாதாடவும் வேண்டாம். 1761 பானிபட் போரில் மராட்டியர் ஜெயித்திருந்தால் என்று போகும் அந்த ‘தி அட்வென்ச்சர்’ கதையில், பேராசிரியர் கைதொண்டே ஆசாத் மைதானக் கூட்டத்துக்குள் நுழைவாரே, அந்தப் பகுதியை மட்டும் ஒரு ராத்திரி அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மேடையில் தலைவர் நாற்காலி காலியாக இருப்பது பொறுக்காமல் மனிதர் போய் உட்கார்ந்துகொள்ள, தக்காளியும் முட்டையும் பறக்கும். அதற்கும் அவர் சிரிக்கவில்லை என்றால், அடுத்த வாரம் எனக்கு எழுதுங்கள். அது வேறு பிரச்சினை.