சொம்பில் பேர் இருக்கிறது, பாட்டில் இல்லையே!

கேள்வி: எனக்கு வயது 26. தேவகோட்டையில் அப்பச்சியின் (அப்பாவின்) ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். கல்லூரி நண்பர்கள் மூவரோடு ஒரு எலக்ட்ரானிக் இசைக்குழு நடத்துகிறேன். எழுதுவது, மெட்டுப் போடுவது, சிந்தசைசரில் கோப்பது எல்லாம் நான்தான். இங்கிலாந்தின் டெபெஷ் மோட் எலக்ட்ரானிக் இசைக்குழுவில் பாட்டு எழுதுகிற மார்ட்டின் கோர் எனக்கு ஆதர்சம். அவரும் வங்கி வேலையை உதறிவிட்டு இசைக்கு வந்தவர். எங்கள் கடைசிப் பாட்டு நன்றாக ஓடியது. அதன் நடுவில் அப்பத்தா பாடிய தாலாட்டை போனில் பிடித்து வைத்திருந்தேன், அந்த இடம்தான் எல்லோருக்கும் பிடித்தது. ஐயா (தாத்தா) பர்மாவில் கடையைப் பறிகொடுத்து வந்த கதையை வைத்து, அப்பச்சி தொட்டிலில் கிடந்தபோது அப்பத்தாவே கட்டிய தாலாட்டு அது. அவருக்கு இதெல்லாம் புரியாது. பாட்டின் விவரத்தில் எழுத்து, இசை இரண்டுக்கும் என் பெயர் மட்டும் போட்டேன். இப்போது பாடுகிற நண்பன் தன் பெயரும் வேண்டும் என்று சண்டை பிடிக்கிறான். அப்பச்சியோ கடையை விட்டுச் சென்னைக்குப் போகக்கூடாது என்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
(பெயர் வேண்டாம், தேவகோட்டை)

பதில்: தம்பி, அப்பாவைச் சம்மதிக்க வைக்க வழி கேட்டு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. ஒருவருக்குச் சினிமா, ஒருவருக்குக் கிரிக்கெட், உங்களுக்குச் சிந்தசைசர். 'மனம் தளராதீர்கள், திறமை ஜெயிக்கும்' என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அப்பத்தா விஷயத்தைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

'அவருக்கு இதெல்லாம் புரியாது.' எது புரியாது? சிந்தசைசர் புரியாமல் இருக்கலாம். தன் குரல் புரியாதா? தான் கட்டிய பாட்டு புரியாதா? பர்மாவில் 60களில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது எத்தனையோ பேர் கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலேறி வந்தார்கள். அப்படி வந்த கணவரையும் தொட்டிலில் கிடந்த பிள்ளையையும் ஒரே பாட்டில் வைத்துப் பாட அந்த மனுஷிக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே தாலாட்டு என்றால் மாமன் கொண்டுவரும் சீர், குலசாமி, ஊர் என்று பாடுகிறவர் தன் வீட்டுச் சங்கதியைச் சேர்த்துக்கொண்டே போவார். அந்தச் சேர்க்கைதான் எழுத்து. நீங்கள் ராத்திரி கண்விழித்துச் செய்கிற வேலையை அவர் ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே செய்திருக்கிறார்.

இந்த இதழை மூடி வைத்துவிட்டு உங்கள் வீட்டு இரண்டாங்கட்டுக்குப் போங்கள். சாமான் அறையில் ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக பேர் வெட்டியிருக்கும். அப்பத்தா கல்யாணத்துக்கு வந்த சாமானாக இருந்தால் அவர் பிறந்த வீட்டின் எழுத்து அதில் இருக்கும். விசேஷத்துக்கு இரவல் போன அண்டா திரும்பி வந்தால், பேரைப் பார்த்த பிறகுதான் உள்ளே எடுப்பார்கள். கரண்டிக்குக்கூட உடையவர் பேர் வெட்டுகிற வீட்டில் பிறந்துவிட்டு, அப்பத்தாவின் பாட்டை மட்டும் பேரில்லாமல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். இதை வேறு யாராவது செய்திருந்தால் நம் ஊரில் என்ன பேர் வைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, மார்ட்டின் கோருக்கு வருவோம். அவரை ஆதர்சம் என்கிறீர்கள், பாதிக் கதைதான் படித்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. 1961ல் பிறந்து இங்கிலாந்தின் பாசில்டனில் வளர்ந்தவர். வங்கியில் குமாஸ்தாவாக இருந்தார், உண்மை. ஆனால் குழுவின் முதல் சிங்கிள் 1981 பிப்ரவரியில் வெளிவந்தபோதும் அந்த வேலை அவர் கையில் இருந்தது. பாட்டு காலூன்றிய பிறகுதான் விட்டார். நீங்கள் எழுதியிருப்பது போல உதறிவிட்டு ஓடவில்லை. முதல் ஆல்பத்தில் அவர் எழுதியது இரண்டே உருப்படிகள்தான். மற்றதெல்லாம் குழுவில் இருந்த வின்ஸ் கிளார்க் எழுதியது. அந்த வருடக் கடைசியில் கிளார்க் விலகிப்போக, எழுதும் பாரம் இவர் தலையில் விழுந்தது. 1982ல் வந்த இரண்டாவது ஆல்பம் முழுக்க இவருடையது.

எனக்கு அவரிடம் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. 1989ல், குழு புகழின் உச்சியில் இருந்த சமயம், தனியாக ஒரு சின்ன இசைத்தட்டு போட்டார். அதில் ஆறு பாட்டு, ஆறும் அடுத்தவர்களுடையது. அதற்கு அவர் வைத்த பெயர் 'கவுன்டர்ஃபிட்', அதாவது போலி! கடைசிப் பாட்டு, அமெரிக்காவில் அடிமைப்பட்டுக் கிடந்த கறுப்பின மக்களிடமிருந்து வந்த மரபுப் பாடல், தாயில்லாப் பிள்ளையின் ஏக்கம். யார் கட்டியது என்றே யாருக்கும் தெரியாத பாட்டு. உரிமை கேட்க ஆளில்லாத அந்தப் பாட்டைக்கூட அவர் தன் எழுத்து என்று சொல்லிக்கொள்ளவில்லை. உங்கள் பாட்டுக்கு உடையவர் அதே வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறார்.

சட்டம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ல் கொண்டுவந்த திருத்தம், பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்றைக் கொடுத்தது. 2012ல் அதை இன்னும் வலுவாக்கினார்கள். 50 வருடம் செல்லும். அப்பத்தா உங்கள் மேல் கேஸ் போடப் போவதில்லை. போடமாட்டார் என்கிற தைரியத்தில்தான் எடுத்தீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நண்பர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கோர் ஒரு பாட்டை ஆர்மோனியத்தோடு மெதுவாகப் பாடிக் கொண்டுவந்தார். குழுவில் கூட வாசித்த ஆலன் வைல்டர் அதன் வேகத்தைக் கூட்டலாம் என்றார். கோருக்கு முதலில் பிடிக்கவில்லை, அப்புறம் ஒப்புக்கொண்டார். 1990ல் வெளிவந்த 'என்ஜாய் த சைலன்ஸ்' அதுதான். எழுதியவர் பெயர் கோர் என்றே நின்றது, வைல்டர் செய்த வேலையும் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. பாடகர் டேவ் கஹான் இருபது வருடத்துக்கு மேல் அடுத்தவர் வரிகளையே பாடிவிட்டு, தானும் எழுதவேண்டும் என்று நின்றார். 2005 ஆல்பத்தில் அவர் வரி எழுதிய மூன்று பாட்டு வந்தது. ஆகவே உங்கள் நண்பர் ஒரு வரியாவது எழுதியிருந்தால் பேர் போடுங்கள். எழுதவில்லையென்றால் பாடியவர் என்று போடுங்கள். அதைத் தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர் ஒரு பேர் கேட்டதற்கு உங்களுக்கு இவ்வளவு கோபம் வருகிறது. அப்பத்தா கேட்கவே இல்லை, அதனால் அங்கே கணக்கே இல்லை!

இனி சென்னை. ஊரை விட்டுப் போவது பாவம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. பதின்மூன்று, பதினாலு வயதில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் பிள்ளைகளை அனுப்பிய ஊர்கள் இவை. ஆனால் போனவர்களுக்கு மூன்று வருடம் என்று ஒரு கணக்கு இருந்தது. முடித்துத் திரும்பி வந்து வரவு செலவை ஒப்படைத்தார்கள். அந்த ஒழுங்கோடு போகிற பிள்ளையைத் தடுக்கிற அப்பாவை நானே திட்டுவேன். உங்களிடம் அந்த ஒழுங்கு இன்னும் தெரியவில்லை. குடும்பம் தடை என்று எழுதுகிறீர்கள், அந்தக் குடும்பத்தின் சரக்கை வைத்துத்தான் பேர் வாங்கியிருக்கிறீர்கள். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வதும் அவர்களுடையதை அவர்களுக்குச் சேர்ப்பதும் கடமை என்று நினைக்கிறவள் நான். பழைய காலத்து ஆள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. நீங்கள் யாரைச் சம்மதிக்க வைக்கப் பார்க்கிறீர்களோ, அவர்தான் அந்தத் தாலாட்டில் தூங்கிய குழந்தை. எத்தனையோ பேர் கேட்ட பாட்டை அவர் கேட்டாரா? 'கேட்டார், பிடிக்கவில்லை' என்று நீங்கள் எழுதவில்லை. போட்டுக் காட்டவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த வாரமே கடை அடைத்த பிறகு முகப்பில் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பாட்டைப் போடுங்கள். ஹெட்போனை அப்பத்தா காதில் மாட்டாதீர்கள், ஸ்பீக்கரில் போடுங்கள். அவர் குரல் வருகிற இடத்தில் நிறுத்தி, 'உங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டேன்' என்று சொல்லுங்கள். வேண்டாம், நீக்கிவிடு என்றால் நீக்கிவிடுங்கள். இருக்கட்டும் என்றால், தாலாட்டு எழுதியவர், பாடியவர் என்று அவர் பெயரைப் போடுங்கள். அதில் வருகிற காசில் அவருக்கு ஒரு பங்கு எழுதி வையுங்கள், பத்து ரூபாயானாலும் சரி. அன்றைக்குச் சென்னைப் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தால் மன்னிப்பு கேட்டதே அதற்குத்தான் என்று அப்பச்சி நினைப்பார், அவர் நினைப்பதில் தப்பும் இருக்காது.

பெயரைத் திருத்திய பிறகு மறுபடி எழுதுங்கள். மூன்று வருடத்துக்கு என்ன செலவு, கடையில் உங்கள் இடத்தில் யார் உட்காருவது என்ற கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள். சென்னைக்கான பதிலை அப்போது தருகிறேன்.