அல்கோன்குயினில் நிதானமான கனூ பயணம்: ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?

கனடாவின் அல்கோன்குயின் பூங்காவில் 4 நாள் கனூ (துடுப்பால் செலுத்தும் இலேசான படகு) பயணத்துக்கு, அலுப்பில்லாமல் நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். துடுப்புப் போடும் தூரத்தைவிட, ஏரிக்கும் ஏரிக்கும் இடையே படகைத் தோளில் சுமக்கும் பாதையைத்தான் முதலில் பாருங்கள். அந்தப் பாதையின் முனையிலுள்ள மஞ்சள் பலகையில் 1,000 மீட்டர் என்றிருந்தால், சாமானை இரண்டு நடையாகக் கொண்டுபோகிறவருக்கு அது 3,000 மீட்டர்: சுமையோடு போய், வெறுங்கையோடு திரும்பி, மீண்டும் சுமையோடு. வேரும் சேறுமான தடத்தில், படகின் நடுக்கட்டை தோளில் அழுந்த, ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். நாளுக்கு 10 கிலோமீட்டர் நீர்வழி, 1,500 மீட்டர் சுமைப்பாதை. இதற்கு மேல் வேண்டவே வேண்டாம். பெரிய ஏரிகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள், பிற்பகல் காற்று பொல்லாதது. முன்பதிவு ஏரிக்குத்தான், கூடார இடம் முதலில் வருபவருக்கே. ஆகவே பிற்பகல் 2 மணிக்குள் போய்ச் சேருங்கள்.