டர்போவும் பாதி உறங்கும் சிலிண்டர்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டர்போ காற்றைத் திணிக்கிறது. லேசான சுமையில் சில சிலிண்டர்களை உறங்கவைக்கும் சிலிண்டர் நிறுத்தமோ பாதி சிலிண்டர்களுக்குக் காற்றே வேண்டாம் என்கிறது. ஒரே இன்ஜினில் இரண்டையும் வைப்பது முரண் இல்லையா?

இரண்டும் ஒரே நேரத்தில் முழு வீச்சில் வேலை செய்தால் முரண்தான். அப்படி யாரும் விடுவதில்லை. லேசான சுமையில் பெட்ரோல் இன்ஜின் காற்று வழியை மறிக்கும் மடலான திராட்டிலைப் பெரும்பாலும் மூடிக்கொண்டே ஓடும். அந்தச் சின்னச் சந்து வழியாகக் காற்றை இழுக்கவே பிஸ்டன்கள் சக்தியை வீணாக்குகின்றன. நான்கில் இரண்டு சிலிண்டர்களை நிறுத்தினால் மற்ற இரண்டும் இரட்டிப்பாக உழைக்க வேண்டும். அதற்காக இசியூ (இன்ஜின் கணினி) திராட்டிலை நன்றாகத் திறக்கிறது. மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிரும் குழாய்) அழுத்தம் 40 கிலோபாஸ்கலிலிருந்து 75, 80 என்று ஏறும். லாபம் கிடைப்பது அங்கேதான்.

எல்லை எது என்பதை நீங்களே கணக்குப் போடலாம். டார்க்கை (முறுக்கு விசை, நியூட்டன் மீட்டரில்) 0.1257-ஆல் பெருக்கி, ஓடும் சிலிண்டர்களின் கொள்ளளவால் (லிட்டரில்) வகுத்தால் சிலிண்டருக்குள் இருக்கும் சராசரிப் பயனழுத்தம் பாரில் வரும். 1.5 லிட்டர் இன்ஜின், 2,000 ஆர்பிஎம், 50 நியூட்டன் மீட்டர்: அதாவது 10.5 கிலோவாட், சமதளத்தில் 80 கி.மீ. வேகத்துக்குப் போதும். நான்கு சிலிண்டர்களில் 4.2 பார், இரண்டில் 8.4 பார். இதை டர்போ இல்லாமலே எட்டலாம். 75 நியூட்டன் மீட்டர் கேட்டால் இரண்டு சிலிண்டர்களில் 12.6 பார் ஆகிவிடும். அதற்குக் கொஞ்சம் பூஸ்ட் (டர்போ திணிக்கும் அழுத்தம்) தேவை. அதற்கும் மேலே போனால் கலவை தானாக வெடிக்கும் நாக்கிங்கைத் தவிர்க்க ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த வேண்டும், சேமித்தது போய்விடும். அதைவிட நான்கையும் எழுப்புவதே சிக்கனம். ஃபோக்ஸ்வாகன் 1.4 டிஎஸ்ஐ இன்ஜினுக்கு 2011-இல் அறிவித்த எல்லை 1,400 முதல் 4,000 ஆர்பிஎம், 25 முதல் 75 நியூட்டன் மீட்டர். கணக்கோடு ஒத்துப்போகிறது, பாருங்கள்.

அப்படியானால் டர்போவின் சேமிப்பும் இதன் சேமிப்பும் கூட்டிக் கிடைக்குமா?

கிடைக்காது. பெரிய இன்ஜினுக்குப் பதில் சின்ன டர்போ இன்ஜின் வைப்பதும் திராட்டில் இழப்பைக் குறைக்கத்தான். ஒரே இழப்பை இரண்டு முறை சேமிக்க முடியாது. அதனால் டர்போ இல்லாத பெரிய வி8 இன்ஜினில் கிடைக்கும் பலன் 1.4 லிட்டர் டர்போவில் கிடைப்பதில்லை. அந்த 1.4 டிஎஸ்ஐ-க்கு நிறுவனம் சொன்னது ஐரோப்பியச் சோதனைச் சுழற்சியில் 100 கி.மீ.க்கு 0.4 லிட்டர்; நிலையாக 50 கி.மீ. வேகத்தில் போனால் 1 லிட்டர் அளவுக்கு. நெடுஞ்சாலையில் வேகமாகப் பறப்பவருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஏன் நடுவில் இருக்கும் 2, 3-ஐ மட்டும் நிறுத்துகிறார்கள்?

தீப்பொறி வரிசை 1-3-4-2. அதில் 3-ஐயும் 2-ஐயும் எடுத்தால் 1-ம் 4-ம் சரியாக 360 டிகிரி இடைவெளியில் எரியும். 1-ஐயும் 3-ஐயும் நிறுத்தினால் வண்டி நொண்டியடிக்கும். ஆடியின் 4.0 லிட்டர் இரட்டை டர்போ வி8 2, 3, 5, 8-ஐ நிறுத்துவதும் இதே காரணத்தால்தான். மூன்று சிலிண்டரில் இப்படிச் சம இடைவெளியில் பிரிக்க வழி கிடையாது. ஃபோர்டு 1.0 ஈகோபூஸ்ட் முதல் சிலிண்டரை நிறுத்தும்போது மற்ற இரண்டும் 240, 480 டிகிரி என்று சமமில்லாமல் எரிகின்றன. அதனால்தான் அதற்கு இரட்டை நிறை ஃப்ளைவீலும் அதிர்வு தணிக்கும் கிளட்ச் தட்டும் தேவைப்பட்டன.

ஓவர்டேக் செய்யும்போது சிலிண்டர்கள் எழுந்திருக்க நேரம் பிடிக்குமா?

13 முதல் 36 மில்லிசெகண்ட். உங்கள் காலுக்குத் தெரியாது. நீங்கள் உணர்வது டர்போ சுழற்சி ஏறுவதற்கான தாமதம். அது நான்கு சிலிண்டரில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தாலும் இருந்திருக்கும்.

இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு இரண்டு சிலிண்டரை நானே நிறுத்தலாமா?

வேண்டாம். எரிபொருளை மட்டும் நிறுத்தினால் வால்வுகள் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அந்தச் சிலிண்டர்கள் வெறும் காற்றை எக்ஸாஸ்டுக்குத் தள்ளும். ஆக்சிஜன் சென்சார் 'கலவை மெலிந்துவிட்டது' என்று நினைத்து மற்ற சிலிண்டர்களில் பெட்ரோலைக் கூட்டும். அந்தப் பெட்ரோலும் இந்தக் காற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் சந்தித்தால் அது சூடேறிப் பாழாகும். முறையான நிறுத்தத்தில் வால்வுகள் மூடியே இருக்கும். உள்ளே சிக்கிய வாயு ஸ்பிரிங் மாதிரி அமுங்கி, அமுக்கிய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும்.

ஜிஎம் 6.2 லிட்டர் வி8-க்கு வெளிச்சந்தை சூப்பர்சார்ஜர் போடப்போகிறேன். சிலிண்டர் நிறுத்தத்தை வைத்துக்கொள்ளலாமா?

2015 கார்வெட் இசட்06-இன் எல்டி4 இன்ஜினில் 1.7 லிட்டர் சூப்பர்சார்ஜரும் சிலிண்டர் நிறுத்தமும் தொழிற்சாலையிலிருந்தே சேர்ந்து வந்தன. ஆகவே முடியாதது இல்லை. ஆனால் அங்கே நான்கு சிலிண்டர் ஓட்டத்துக்கென்று தனியாகக் காலிபரேஷன் (இசியூ அளவமைப்பு) செய்திருந்தார்கள். உங்கள் கிட்டில் அது பெரும்பாலும் இருக்காது.

கவனிக்க வேண்டிய இடம், பூஸ்ட் வேண்டாதபோது காற்றைச் சூப்பர்சார்ஜரைச் சுற்றித் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு. பல கிட்களில் அதைத் திறந்து வைப்பது மேனிஃபோல்ட் வெற்றிடம். நான்கு சிலிண்டருக்கு மாறியதும் வெற்றிடம் குறைகிறது, பைபாஸ் மூடப் பார்க்கிறது, அழுத்தம் ஏறுகிறது, இசியூ எட்டுக்குத் திரும்புகிறது, வெற்றிடம் மீண்டும் வருகிறது. ஒரே வேகத்தில் போகும்போது வண்டி முன்னும் பின்னுமாக உலுக்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இதற்கு மேல், பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் எந்நேரமும் கொஞ்சம் சக்தியைத் தின்றுகொண்டே இருக்கும். மிச்சப்படும் பெட்ரோலுக்காக இத்தனை தொல்லை எதற்கு? டியூனில் (இசியூ மென்பொருள் அமைப்பில்) சிலிண்டர் நிறுத்தத்தை அணைத்துவிடுங்கள் என்பதே என் பதில்.

டியூனில் அணைப்பது வேறு, பாகங்களை அகற்றுவது வேறு. அணைத்தாலும் 1, 4, 6, 7 சிலிண்டர்களில் பூட்டு ஊசி வைத்த லிஃப்டர்கள் (கேம்ஷாஃப்டின் அசைவை புஷ்ராடு வழியாக வால்வுக்குக் கடத்தும் பாகங்கள்) உள்ளேயேதான் இருக்கும். அந்த ஊசி ஆயில் அழுத்தத்தால் நகர்வது. அழுக்கு ஆயிலில் பாதிப் பூட்டில் நின்றால் லிஃப்டர் ரோலர் கேமை உரசித் தின்னும், புஷ்ராடு வளையும். கேம் மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரேயடியாக அகற்றிவிடுங்கள். 16 லிஃப்டர்கள், அவற்றின் பிளாஸ்டிக் கைடுகள், நிறுத்தம் இல்லாத வகைக் கேம்ஷாஃப்ட், ஊசிகளுக்கு ஆயிலைத் திறந்து மூடும் சொலினாய்டு தொகுப்புக்குப் பதிலாகச் சாதாரண வேலி கவர் (இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள மூடி), ஹெட் கேஸ்கெட்டுகள், புது ஹெட் போல்ட்டுகள் எல்லாம் வேண்டும். லிஃப்டரை எடுக்க ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அந்த போல்ட்டுகள் இழுபட்டு நீளும் வகை, மறுபடி போடக்கூடாது. பழைய கேமை வைத்துக்கொண்டு லிஃப்டரை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. நிறுத்தப்படும் சிலிண்டர்களின் கேம் வடிவமே வேறு.

டர்போ டீசலில் இது ஏன் இருக்கிறது? திராட்டில் இழப்புதான் அங்கே இல்லையே?

சரியாகக் கேட்டீர்கள். அங்கே குறி எக்ஸாஸ்ட் சூடு. லேசான சுமையில் டீசல் தேவைக்கு மிஞ்சிய காற்றை விழுங்குவதால் எக்ஸாஸ்ட் ஆறிப்போகும். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை நீக்க எக்ஸாஸ்டில் யூரியா தெளிப்பார்கள்; சுமார் 200 டிகிரிக்குக் கீழே அதைத் தெளிக்க முடியாது. ஆறில் மூன்றை நிறுத்தினால் காற்றின் அளவு வெகுவாகக் குறையும், எரிபொருள் ஏறக்குறைய அதேதான், சூடு ஏறும்.

1,500 ஆர்பிஎம்மில் தரையில் ஒரு 'ம்ம்' அதிர்வு. மிஸ்ஃபயரா (சிலிண்டரில் எரிதல் தவறுவதா), சிலிண்டர் நிறுத்தமா?

நான்கு சிலிண்டரில் அந்த வேகத்தில் தீப்பொறி அதிர்வு 50 ஹெர்ட்ஸ்; இரண்டில் 25. அடிக்குரல் உறுமல் வருவது இயல்பு. ஸ்கேனரில் மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பாருங்கள். அதே வேகத்தில் 40-லிருந்து 75-க்குத் தாவும் நொடியிலேயே அதிர்வும் தொடங்கினால் அது நிறுத்தம்தான். திடீரென்று கூடியிருந்தால் இன்ஜின் மவுண்டைச் சோதியுங்கள். அழுத்தம் தாவாமல் மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஏறினால், அந்தச் சிலிண்டரின் காயிலையும் பிளக்கையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பாகம் கெட்டது. அதே சிலிண்டரிலேயே நின்றால் இன்ஜெக்டரைச் சோதித்துவிட்டு கம்ப்ரெஷன் பாருங்கள். அதுவும் குறைவாக இருந்தால், வால்வு மூடியே மாட்டிக்கொண்டதா என்று மேல்மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.