விளம்பரத்தில் நல்லூர், உறுதியில் திருநெல்வேலி

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பலாலி வீதிக்கு அண்மையிலுள்ள இரண்டு பரப்புக் ('பரப்பு' நம்மூர் நில அளவு) காணியை 'நல்லூர்க் காணி' என்று சொல்லித் தரகர் கூடிய விலை கேட்பதாகவும், உறுதியில் (காணிப் பத்திரத்தில்) யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி என்றிருப்பதால் ஐயம் எழுந்ததாகவும் எழுதியிருந்தீர்கள்.

தரகர் சொல்வது முழுப்பொய்யன்று. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் அதன் சுற்றாடலும் யாழ்ப்பாண மாநகர சபைக்குள் இருக்க, திருநெல்வேலி, கோண்டாவில், கொக்குவில் ஆகியவை நல்லூர்ப் பிரதேச சபைக்குள் அடங்குகின்றன. ஆகவே பெயர் பொருந்துகிறது, கேட்கும் விலையோ கோயிலடிக்குரியது. புலம்பெயர்ந்தோரின் பணமும் பல்கலைக்கழக மாணவர்களுக்கான அறை வாடகையும் சேர்ந்து காணி விலையை ஏற்றிவிட்டபின், ஊரெல்லை தரகர்களின் வாயில்தான் நகர்கிறது.

பெயரைவிட முக்கியமானது வேறு. தேசவழமைக்குட்பட்ட, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்குட்பட்ட, காணியை விற்கும்போது, முதலில் வாங்கும் உரிமை கூட்டு உரிமையாளர்களுக்கும் விற்பவரின் உரித்தாளிகளுக்கும் (வாரிசுகளுக்கும்) 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்டு என்பதால், அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டதற்கான சான்றைக் கேளுங்கள். இல்லையேல் ரொறன்ரோவிலிருக்கும் ஒரு சகோதரர் பின்னர் வழக்கோடு வரலாம்.

எல்லையையும் நில அளவையாளரைக் கொண்டு அளப்பியுங்கள். பழைய கதியால் வேலியை (உயிர்மரக் கிளைகளை நட்ட வேலியை) பிடுங்கி மதில் கட்டும்போது ஒழுங்கை (சிறு தெரு) சற்று ஒடுங்கிவிடுவதும், பூவரசு நின்ற இடத்தைப் பற்றி அயலவர்கள் பிணங்குவதும் நம்மூரில் புதிதல்ல. வரைபடத்திலுள்ள ஒழுங்கையின் அகலமும் நிலத்திலுள்ள அகலமும் ஒத்திருந்தால் மட்டுமே முற்பணம் கொடுங்கள்.