அசனப் பணத்தில் கை வைத்துவிட்டேன், இனி திருவிருந்துக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் சபையில் வருஷந்தோறும் நடக்கும் பொது விருந்தான அசனத்தின் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. வட்டிக் கடனை அடைக்க அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 48,000 ரூபாய் எடுத்துவிட்டேன். 20,000 ரூபாயைத் திருப்பி வைத்துவிட்டேன். இதுவரை யாருக்கும் தெரியாது. ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்தை மூன்று மாதமாக எடுக்கவில்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் ஞாபகம்தான் வருகிறது. பேசாமல் வேறு சபைக்குப் போய்விடலாமா? என் விசுவாசம் செத்துவிட்டதா?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

விசுவாசம் செத்திருந்தால் நீங்கள் திருவிருந்தைத் தவிர்த்திருக்க மாட்டீர்கள். கூசாமல் போய் வாங்கியிருப்பீர்கள்.

யூதாஸ் ஞாபகம் வந்தால் மத்தேயு 27-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். அவன் மனஸ்தாபப்பட்டான், ‘பாவஞ்செய்தேன்’ என்று வாய்விட்டுச் சொன்னான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். ஆனால் போனது யாரிடம்? அவனை விலைக்கு வாங்கியவர்களிடம். ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு’ என்று அவர்கள் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்து தன்னந்தனியாகப் போனான். சீஷனான பேதுருவும் இயேசுவை அறியேன் என்று மூன்று தரம் மறுதலித்து, மனங்கசந்து அழுதவர்தான். ஆனாலும் மகதலேனா மரியாள் கல்லறையிலிருந்து ஓடிவந்தபோது பேதுரு மற்ற சீஷனோடுதான் இருந்தார். அன்று சாயங்காலம் பூட்டிய வீட்டுக்குள் இயேசு வந்து நின்றதும் கூடியிருந்தவர்கள் நடுவில்தான். ஆகவே வேறு சபைக்குப் போகாதீர்கள். தெரியாத ஊரில் உங்களை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். தாங்கிப் பிடிக்கவும் ஆள் இருக்காது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைவு ஒரு தடவை வந்திருந்தாலும் இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். கணக்கு வழக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி பணம். ஒப்படைக்கப்பட்ட பொருளில் துரோகம் செய்தவன் என்ன செய்யவேண்டும் என்று லேவியராகமம் 6-ல் தெளிவாக இருக்கிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உடையவனுக்கே கொடுக்கவேண்டும். உங்கள் கணக்கில் முதல் 48,000, ஐந்தில் ஒரு பங்கு 9,600, மொத்தம் 57,600. வைத்தது 20,000 போக மீதி 37,600. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருவதாகச் சொன்னதைப் பார்த்து நீங்களும் அப்படிப் பொருத்தனை செய்ய வேண்டாம். அவர் ஐசுவரியவான், நீங்கள் கடன்காரர். நிறைவேற்ற முடியாத பொருத்தனை இன்னொரு விழுகையில்தான் கொண்டுபோய் விடும். இந்த ஐந்தில் ஒரு பங்கும் மன்னிப்புக்கான விலை என்று நினைத்துவிடாதீர்கள். மன்னிப்புக்கு விலை சிலுவையில் செலுத்தியாயிற்று. இது சபைக்கு நீங்கள் செய்த நஷ்டத்துக்கு.

இந்த இடத்தில் பலர் சறுக்குவது, கவரில் பணத்தைப் போட்டு ஓசைப்படாமல் காணிக்கைப் பையில் சேர்ப்பதில்தான். அந்தப் பணம் பொதுக் கணக்கில் ஏறிவிடும், அசன நோட்டில் பள்ளம் அப்படியே இருக்கும், அடுத்து பொறுப்பேற்பவர் மேல் பழி விழும். போலி ரசீது எழுதிச் சரிக்கட்டுவது முதல் திருட்டைவிடக் கேடு. மீட்டர் வட்டிக்கோ லோன் ஆப்பிலோ வாங்கி அடைப்பதும் வேண்டாம். உங்களை இந்தக் குழியில் தள்ளியதே வட்டிதானே. நகையோ வண்டியோ இருந்தால் விற்றுக் கட்டுங்கள், இல்லையென்றால் மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துக் கட்டுங்கள். கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் ‘அசனக் கணக்கு’ என்று குறித்த ரசீது வாங்குங்கள்.

சொல்லும் வரிசையும் முக்கியம். முதலில் மனைவி, ஊர் வாயிலிருந்து அவர் இதைக் கேட்கக்கூடாது. அப்புறம் உங்கள் சேகரத்தின் (சபைகள் சேர்ந்த வட்டாரத்தின்) குருவானவர். ஞாயிறு ஆராதனை முடிந்து ஆள் சூழ நிற்கும்போது பிடிக்காதீர்கள். வாரநாளில் போனில் நேரம் கேட்டு, அவர் வீடான குருமனைக்குப் போங்கள். அசன நோட்டு, மீதிப் பணம், எந்தத் தேதியில் எவ்வளவு எடுத்தீர்கள், எவ்வளவு வைத்தீர்கள் என்று எழுதிய ஒரு தாள், இவை கையில் இருக்கட்டும். கஷ்டத்தைச் சொல்லி ஆரம்பித்தால் தொகை கடைசிவரை வாயில் வராது. ‘ஐயா, அசனப் பணத்தில் 48,000 ரூபாய் எடுத்துவிட்டேன்’ என்பதே முதல் வாக்கியமாக இருக்கட்டும். கணக்குப் பொறுப்பையும் அன்றே எழுத்தில் விட்டுவிடுங்கள். ‘உடல்நிலை காரணமாக’ என்று எழுதாதீர்கள்.

குருவானவர் உங்களோடு ஜெபிப்பார். ஆனால் இது சபைப் பணம் என்பதால் சபைக் கமிட்டிக்குச் சொல்லாமல் அவரும் இருக்க முடியாது. கமிட்டி கோபப்படலாம், போலீசுக்கும் போகலாம். சட்டம் இதை நம்பிக்கை மோசடி என்றே பார்க்கும். தேவன் மன்னித்தார் என்று சொல்லி அதற்குத் தடை கேட்பது நியாயமல்ல. தணிக்கையில் பிடிபடுவதற்கு முன் தானாக, நோட்டோடு வந்தவரைச் சபை வேறு விதமாகப் பார்க்க இடமுண்டு. ஆனால் அதற்காக மட்டும் போகாதீர்கள். சாட்சி நேரத்தில் எழுந்து நின்று சபை முழுவதற்கும் அறிக்கை செய்வது உங்கள் முடிவாக இருக்கவேண்டாம். அது தேவையா என்று குருவானவரும் கமிட்டியும் சொல்லட்டும்.

ஜெபம் வரவில்லை என்கிறீர்கள். வராத ஜெபத்தை இழுக்காதீர்கள், பழைய சபை விட்டுப்போன வார்த்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மனந்திரும்புதலின் சங்கீதங்கள் என்று ஏழு உண்டு: 6, 32, 38, 51, 102, 130, 143. நாளுக்கு ஒன்று, சத்தமாக, ஒரே நேரத்தில். கடைசியில் கர்த்தருடைய ஜெபம். பத்து நிமிடம் போதும். ஏழாம் நாள் முடிந்தால் மறுபடி 6-லிருந்து. ‘நான் அடக்கிவைத்தமட்டும்… என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று’ என்ற 32-ஆம் சங்கீதம் உங்கள் மூன்று மாதத்தை அப்படியே சொல்லும். எதுவும் உணராமல் எழுந்தாலும் அன்றைய ஜெபம் ஜெபம்தான். நாற்பது நாள் உபவாசம் என்று தொடங்கி நாலாம் நாள் விட்டுவிட்டு, ‘இதற்கும் லாயக்கில்லை’ என்று உட்கார்ந்துவிடுகிற ஆட்கள் நிறைய. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அடுத்த சங்கீதத்தை வாசியுங்கள், அவ்வளவுதான்.

திருவிருந்து விஷயத்தில் 1 கொரிந்தியர் 11:28 ‘தன்னைத்தானே சோதித்தறிந்து’ என்பதோடு நிற்பதில்லை, புசிக்கவும் பானம்பண்ணவும் சொல்கிறது. சோதித்தறிவது பந்திக்கு வருவதற்காக. குருவானவரிடம் சொல்லி, திருப்பிக் கட்டத் தொடங்கியபின், அவர் வா என்கிற முதல் ஞாயிறே போங்கள். ‘முழுத் தொகையும் கட்டியபிறகு’ என்று தள்ளிப்போடாதீர்கள். சபை ஒழுங்குப்படி சில வாரம் நிறுத்திவைத்தால் கீழ்ப்படியுங்கள், ஆனால் அந்த வாரங்களிலும் உங்கள் வழக்கமான பெஞ்சில் உட்காருங்கள்.

மறுபடி பொறுப்பு கிடைக்குமா என்பதற்கு அவசரப்படாதீர்கள். முந்தின ஊழியப் பயணத்தில் பம்பிலியாவில் பாதியில் விட்டுப்போன மாற்குவை அடுத்த பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகப் பவுல் மறுத்தார். பர்னபா சேர்த்துக்கொண்டார். ‘ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்’ என்று பவுல் எழுதப் பல வருஷம் ஆயிற்று. இந்த வருஷ அசனத்தில் விறகு சுமக்க, பந்தி பரிமாற, பாத்திரம் கழுவ ஆள் வேண்டியிருக்கும், போங்கள். இலை எடுக்கச் சொன்னாலும் எடுங்கள். பிற்காலத்தில் அன்பினால் யாராவது ‘நோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று நீட்டினால், அதை மட்டும் வாங்காதீர்கள்.